நெருக்க நாள்

உவர்க்குடி உப்பளத்தில் சொரிமுத்துவும் அவன் மச்சினன் ஐகோர்ட்துரையும் வரப்பு மேல் கட்டிப் புரண்டு அடித்துக்கொண்டது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கஞ்சி குடிக்கும் நேரத்தில் தொடங்கிய அடி, வெயில் உச்சிக்கு ஏறி, இறங்கி, உப்புக் குவியல்களின் நிழல் நீண்டு பாத்திகளில் விழுந்த பிறகும் ஓயவில்லை. ஒருவன் காதை ஒருவன் கடித்தான், ஒருவன் தலையை ஒருவன் உப்புத் தண்ணீரில் முக்கினான், முக்கியவனின் தாடையை முங்கிக் கிடந்தவன் உள்ளேயிருந்தே குத்தி உடைத்தான். கடைசியில் விலக்கிவிடப் போன நாலு பேரும் உள்ளங்கை வெந்து அலறிக்கொண்டு திரும்பி வந்தார்கள், ஏனென்றால் அதற்குள் இரண்டு உடம்பும் வெளிச்சம் விட ஆரம்பித்திருந்தன, வெளிச்சத்தோடு கூடவே, வேர்வை வருகிற துவாரத்தில் எல்லாம், சுடுகாற்றும் வந்துகொண்டிருந்தது.

உவர்க்குடி வாயைப் பிளந்து நின்றது அந்த ஒரு பொழுதுதான். மறுநாள் பாத்தி பார்க்க வந்த பெண்கள், பன்னிரண்டு நாள் வெயில் குடித்தால் இறங்குகிற உப்பு ஒரே நாளில் இறங்கிக் கிடப்பதைக் கண்டு, தூரத்தில் எதிரும் புதிருமாக எரிந்துகொண்டிருந்த இரண்டு ஆம்பிளைகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, உப்பை இழுத்து வாருகிற வாருபலகையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். உப்பளத்துக்காரனுக்கு மழைதான் எமன், காய்ந்த காற்று எங்கேயிருந்து வந்தாலும் சாமி. அது மனுஷன் உடம்பிலிருந்து வந்தால் அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பான். அப்படித்தான் பார்த்தார்கள்.

அடிக்குக் காரணம் லிங்கக்கனியின் கடைவாய்ப் பல். சொரிமுத்துவுக்குப் பெண்டாட்டி, ஐகோர்ட்துரைக்கு உடன்பிறந்த அக்கா. குடித்துவிட்டு வந்த சொரிமுத்து வாருபலகைக் கம்பால் அவள் முகத்தில் ஒன்று வைத்தான், பல் போயிற்று, அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். தம்பியிடம் அவள் சொல்லவில்லை, ஆனால் ஊரில் சொல்வதற்கா ஆளில்லை. தம்பி வந்தான், அத்தானை வரப்பில் மறித்தான், இனிமேல் உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் முதல் அடி அடித்தான். அந்தப் பக்கத்தில் அது சும்மா சொல்கிற சொல் இல்லை. ஒரு வீட்டுச் சோற்றில் கை நனைத்தால் உறவு, நனைக்க மாட்டேன் என்றால் அறுந்தது, மறுபடியும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் அதுவரை நடந்தது எல்லாம் நடக்காததாகிவிடும்.

உறவு அறுந்தது, ஆனால் ஆட்கள் பிரியவில்லை. லிங்கக்கனியின் குடிசை உப்பு குவிக்கிற தட்டுமேட்டின் உச்சியில் இருந்தது. அதை நடுவில் வைத்து இருவரும் சுற்ற ஆரம்பித்தார்கள், இவன் வடக்கே இருந்தால் அவன் தெற்கே, இவன் கடல் பக்கம் என்றால் அவன் ரோட்டுப் பக்கம், முகத்துக்கு முகம் பார்த்தபடி, கண்ணை எடுக்காமல், பாத்தியும் வரப்பும் ஓடையும் ஒன்றாக மிதித்துக்கொண்டு. உடம்பும் பெருத்துக்கொண்டே போய், ஆறாம் மாதம் இருவரும் பனை உயரம் ஆனார்கள். ஒரு சுற்றுக்குப் பதினேழு நாள். சுற்று வட்டமாக இல்லை, ஒரு பக்கம் இழுத்த முட்டை வடிவம், அதனால் பதினேழு நாளுக்கு ஒரு தடவை இருவரும் கிட்டே நெருங்குவார்கள், நெருங்க நெருங்க நடை ஓட்டமாகும், அந்த நாளுக்கு ஊர் நெருக்க நாள் என்று பேர் வைத்தது.

நெருக்க நாளுக்கு முதல் நாளே கூரைகளைக் கயிறு போட்டுக் கட்டுவார்கள், பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள், வாரின உப்பைக் கீற்று போட்டு மூடுவார்கள், ஏனென்றால் இருவர் காற்றும் முட்டுகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் எழும், அந்தச் சுவரிலிருந்து கரி பொழியும். நயமான கரி, பெண்கள் அதை விளக்கெண்ணெயில் குழைத்துப் பிள்ளைகளுக்கு மை இட்டார்கள், பிள்ளைகள் கறுப்பாக இருமின. சுவர் நகர்ந்துகொண்டே இருக்கும். அதில் போய் முட்டிய நாரைகளின் இறகு மட்டும் திரும்பி வரும். ஒரு தடவை அது வடக்குத் தெருவின் மேல் ஏறி இறங்கியதில் மூன்று பேர் செத்தார்கள், ஒருவன் நின்றபடி செத்தான். ஊர் அழுதது, பதினாறாம் நாள் காரியம் செய்தது, பதினேழாம் நாள் கூரையைக் கட்டியது.

வடக்குப் பாத்திக்காரர்களும் தெற்குப் பாத்திக்காரர்களும் காற்றுக்காக வெட்டிக்கொண்டார்கள். உங்க பக்கம் ஒரு நாள் கூட நின்றுவிட்டான், எங்க பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்று தொடங்கி, மண்வெட்டியில் முடியும். ஒருவனுக்குக் கை போயிற்று, போன கையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து கங்காணி செந்தூர்பாண்டியின் வாசலில் போட்டு நியாயம் கேட்டான். செந்தூர்பாண்டி நியாயம் சொல்லவில்லை, வேலை சொன்னார். இரண்டு பேருக்கும் கோபம் தணிய விடக் கூடாது, தணிந்தால் காற்று நின்றுவிடும். அதற்கென்று அவர் ஒரு ஆளையே வைத்திருந்தார். அவன் வாரம் ஒரு தடவை ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு போய், ஒங்க மச்சினன் ஒங்களப் பொட்டப்பயன்னு சொல்லுதான் என்று இவனிடமும், ஒங்க அத்தான் ஒங்க அக்காவுக்கு மிச்சப் பல்லையும் ஒடைப்பேன்னு சொல்லுதாரு என்று அவனிடமும் கத்திவிட்டு ஓடி வருவான். சொன்ன நாழிகையில் காற்று பிய்த்துக்கொண்டு கிளம்பும், பாத்திகள் வெளுக்கும்.

லிங்கக்கனி இருவருக்கும் சோறு கொண்டுபோனாள், தம்பிக்கு மட்டும் அவன் வீட்டு அரிசியில் தனிப் பானையில் பொங்கினாள், அத்தான் வீட்டுச் சோறு என்றால் அவன் தொட மாட்டான். தலையிலிருந்து கால்வரை நனைத்த சாக்கு, அதற்கு மேல் பானை, தரையோடு தரையாகத் தவழ்ந்து போய் வைத்துவிட்டு வருவாள். கன்னத்துத் தோல் உரிந்து உரிந்து புதுத்தோல் வந்தது. அவளைக் கேட்டால் இருவர் மேலும் அவளுக்கு ஆத்திரம்தான். பல் போனது என்னுது, ஆறினதும் எனக்கு, இவனுவளுக்கு என்ன கேடு என்பாள். ஆனால் ஒரு வேளை அவர்கள் சாப்பிடாமல் பானை திரும்பி வந்தால் அன்று அவளும் சாப்பிட மாட்டாள்.

அவள் குடிசை ஓட்டையில் ஒரு கண்ணாடிக் கட்டை தொங்கியது. மூன்று பட்டையாக இருக்கும், ஏதோ கோயில் சரவிளக்கிலிருந்து விழுந்து கடலில் கிடந்து கரை ஒதுங்கியது. வெயில் அதில் பட்டால் சுவரில் ஏழு நிறமும் இழை பிரியாமல் ஒன்றோடு ஒன்று ஒட்டி விழும். இந்த இருவர் வெளிச்சம் பட்டாலோ அப்படி விழாது. நடுவில் எல்லாம் இருட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனி வரிகள். அடுப்பில் உப்பு சிதறினால் ஒரு மஞ்சள் எழும்புமே, அந்த மஞ்சள் இருவரிடமும் இருந்தது. புருஷனிடம் அதோடு கனமான ஒரு சிவப்பு வரி. தம்பியிடம் மெல்லிசாக இரண்டு நீலம். கோபம் ஏறினால் வரிகள் அகன்று கலங்கும். ஆள் அவளை நோக்கி வந்தால் வரி முழுக்க நீலப் பக்கம் சற்று நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். அதனால் அவள் அம்மியிலிருந்து தலையைத் தூக்காமலே யார் வருகிறான், யார் போகிறான், எவனுக்கு இன்று கோள் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்துவைத்திருந்தாள்.

இரண்டாம் வருஷம் சொரிமுத்து இளைக்க ஆரம்பித்தான். அவன் காற்றோடு அவன் உடம்பும் போய்க்கொண்டிருந்தது. தோல் வெளிச்சத் தகடாகக் கிளம்பி, காற்றுச் சுவரைத் தாண்டி, துரை மேல் போய்ப் படிந்தது. துரை கனத்தான், நடை தளர்ந்தான். சொரிமுத்து சிறுத்து, பனை உயரம் தென்னை உயரமாகி, வீட்டு உயரமாகி, ஆள் உயரத்துக்கே வந்துவிட்டான், ஆனால் முன்னைவிட நூறு மடங்கு வெள்ளையாக எரிந்தான். குடிசைச் சுவரில் அவனுடைய சிவப்பு வரி நாளுக்கு நாள் வெளிறியது. ஆவணி பிறந்தபோது அது நூல் அளவு ஆயிற்று, ஒரு நாள் இல்லாமலே போயிற்று.

அதைக் கண்டு லிங்கக்கனி சந்தோஷப்பட்டாள். இங்கேதான் அவள் தப்பு பண்ணினாள், உவர்க்குடியில் பிறந்த எவளும் அதே தப்பைத்தான் பண்ணியிருப்பாள். பாத்தியில் தண்ணீர் காயக் காய முதலில் சிவக்கும், சிவந்த பிறகு உப்பு இறங்கும், வாரிக் குவித்துக் காயவிட்டால் அந்தச் சிவப்பு வடிந்து வெள்ளை மட்டும் நிற்கும். காய்வது என்றால் அவர்களுக்கு அழிவது இல்லை, விளைவது. மனுஷனும் அப்படித்தான் காய்வான் என்று அவள் நினைத்தாள். மற்ற பெண்களைக் கூட்டிவந்து சுவரைக் காட்டினாள். அவர்களும் பார்த்துவிட்டு, முத்திட்டுட்டீ, கோவமெல்லாம் வடிஞ்சிட்டு, இனிமே வாரிற வேண்டியதுதான் என்று சொன்னார்கள்.

வருகிற நெருக்க நாளில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரே பானையிலிருந்து இருவருக்கும் சோறு கொடுப்பது என்று அவள் முடிவு செய்தாள். தம்பி ஒரு வாய் கை நனைத்துவிட்டால் போதும். புருஷனும் வேண்டும், தம்பியும் வேண்டும், அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

செய்தி செந்தூர்பாண்டிக்குப் போயிற்று. நெருக்க நாள் காலையில் அவர் ஆறு ஆட்களோடு தட்டுமேட்டுக்கு வந்து நின்றார், அடுப்பில் இருந்த பானையைப் பார்த்தார்.

"லிங்கக்கனி, ஒனக்கு ஒரு வீடு நல்லா இருக்கணும், எனக்கு நூறு வீடு நல்லா இருக்கணும். எது பெருசுன்னு நீயே சொல்லு" என்றார்.

"ஒங்க நூறு வீட்டு ஆம்பளைக்கும் ஒடம்புல தோலு இருக்கு அண்ணாச்சி" என்றாள் அவள். "எங்க வீட்டு ஆம்பளைக்கு இல்ல."

அவர் அறைந்த அறையில் அவள் அடுப்பின் மேல் விழுந்தாள். பானையை உடைத்தார்கள், சோற்றை மண்ணில் போட்டு மிதித்தார்கள், போய்விட்டார்கள். அவள் எழுந்து, சட்டியில் மறுபடி உலை வைத்தாள், கருவாட்டுக் குழம்பு கூட்டினாள், வெந்துபோன முழங்கைக்குக் கற்றாழையைத் தேய்த்துக்கொண்டு சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வரப்பில் மறுபடி மறித்தார்கள். இந்தத் தடவை வாருபலகைக் கம்பால் முதுகில் அடித்தார்கள், கணுக்காலில் அடித்தார்கள், அவள் விழுந்து, சட்டி சாயாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அடி விழ விழ முழங்காலால் ஊர்ந்து போய்க்கொண்டே இருந்தாள். பாத்திகளில் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போதுதான், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, சொரிமுத்துவும் ஐகோர்ட்துரையும் ஒருவன் முகத்திலிருந்து ஒருவன் கண்ணை எடுத்தார்கள். இருவரும் அவள் இருந்த பக்கம் திரும்பினார்கள். ஒன்றோடு ஒன்று முட்டியே பழகின இரண்டு காற்றும் ஒரே பக்கமாக வந்தன. தரையில் கிடந்தவள் மேலாகப் போய், நின்றிருந்த ஏழு பேரையும் தூக்கி, உப்புக் குவியல்களின் மேல் அடித்தன. மூன்று பேர் அங்கேயே முடிந்தார்கள். செந்தூர்பாண்டிக்கு இடது பக்கம் முழுக்கத் தோல் போயிற்று, அவர் உப்பின் மேல் விழுந்து கிடந்து போட்ட சத்தம் ரயில் ரோடுவரை கேட்டது.

பிறகு காற்று நின்றது. அசையாத வெயிலில் லிங்கக்கனி நடுவில் போய் உட்கார்ந்தாள். அவர்களால் நிற்க முடியவில்லை, நெருக்க நாளின் வேகத்தில் அவளைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தார்கள், கை எட்டுகிற தூரத்தில் இவன், கை எட்டுகிற தூரத்தில் அவன். துரையும் ஓட ஓடச் சிறுத்து, பழைய உயரத்துக்கு வந்துவிட்டான். அவள் சோற்றைப் பிசைந்து உருட்டி, ஓடி வருகிற கையில் முதல் உருண்டையை வைத்தாள். அது தம்பியின் கை. அவன் அதை வாயில் போட்டான். முழுங்கினான். கண்ணில் தண்ணீர் வந்தது, வந்த தண்ணீர் ஆவியாகவில்லை, கன்னத்தில் வழிந்தது.

"அத்தான், நீங்களும் வாங்குங்க" என்றான்.

இரண்டாவது உருண்டையைச் சொரிமுத்து வாங்கினான். வாயருகே கொண்டுபோனவன் பெண்டாட்டியைப் பார்த்தான். "பல்லு போன எடம் இன்னும் வலிக்கா?" என்று கேட்டான்.

"எப்பவோ ஆறிட்டு. சாப்பிடுங்க."

"கனி, எனக்கு உள்ள ஒண்ணுமே இல்லட்டி" என்றான் அவன், ஆச்சரியமாக, பையில் கை விட்டுத் தேடுகிற ஆளைப் போல.

அது உண்மை. சிவப்பு வரியோடு வடிந்து போனது அவன் கோபம் இல்லை, உடம்பு. உள்ளேயிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்த அந்தக் கோபம்தான் இத்தனை நாள் அவனைத் தூக்கி நிறுத்தியிருந்தது. தள்ளுவது நின்றதும் அவன் தன் மேலேயே இடிந்து விழுந்தான், நெஞ்சு வயிற்றுக்குள் போயிற்று, வயிறு ஒரு புள்ளிக்குள் போயிற்று, பிறகு அந்தப் புள்ளி வெடித்தது. பட்டப்பகலில் வெயில் கறுத்துப்போகிற அளவுக்கு ஒரு வெள்ளை. நாற்பது கல் தூரத்தில் கோழிகள் கூவின. வடக்குத் தெரு இல்லாமல் போயிற்று, தெற்குத் தெருவின் சுவர்கள் மட்டும் நின்றன, பாத்திகளில் இருந்த தண்ணீர் முழுக்க ஒரே மூச்சில் வற்றி, எல்லாப் பாத்தியிலும் முழங்கால் உயரம் உப்பு இறங்கியது. லிங்கக்கனி தூக்கி எறியப்பட்டுக் கடல்நீர் தேக்குகிற பெரிய குளத்தில் போய் விழுந்ததால் பிழைத்தாள்.

துரையை வெடி ஒன்றும் செய்யவில்லை. அவன் எதைச் சுற்றிக்கொண்டிருந்தானோ அது இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். அந்த நொடியில் எந்தப் பக்கம் முகம் இருந்ததோ அந்தப் பக்கமாக, வளைவு இல்லாமல், திருப்பம் இல்லாமல், நேர்கோடாகப் போனான். கரை தாண்டி, அலை தாண்டி, தண்ணீர் மேலேயே ஓடினான். குளத்திலிருந்து தலையைத் தூக்கிய லிங்கக்கனி அவனைப் பார்த்தாள். இருவரையும் கட்டிவைத்திருப்பது நடுவில் இருக்கிற தான்தான் என்று இரண்டு வருஷமாக அவள் நினைத்திருந்தாள், தம்பியைக் கட்டியிருந்தது அவன் அத்தான்தான். தம்பி அவளிடமிருந்து விலகி விலகிச் சின்னதாகி, தொடுவானத்தில் ஒரு பொட்டாகி, மறைந்தான்.

நாலாம் நாள் உவர்க்குடி செத்தவர்களைப் புதைத்து முடித்தது. ஐந்தாம் நாள் கட்டுப் போட்ட செந்தூர்பாண்டியை நாற்காலியோடு தூக்கி வந்து வரப்பில் வைத்தார்கள். அவர் கட்டுப் போடாத வலது கையை நீட்டி, மழை வருமுன் எல்லாவற்றையும் வாருங்கள் என்றார். மூன்று வருஷத்து உப்பு ஒரே நாளில் இறங்கியிருந்தது. மிச்சம் இருந்த வீடுகள் எல்லாம் வாருபலகையோடு வந்தன, ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன.

லிங்கக்கனிக்குக் காது போயிருந்தது, தலைமுடி இல்லை. அவள் வந்து பாத்தி ஓரம் குந்தி ஒரு கை உப்பை அள்ளிப் பார்த்தாள். புருஷன் எங்கும் விழவில்லை, பொறுக்கி எடுக்கச் சாம்பல் இல்லை, எலும்பு இல்லை. அவன் இதில்தான் இறங்கியிருக்கிறான், எது உப்பு எது அவன் என்று பிரிக்க முடியாது, சாயங்காலத்துக்குள் லாரியில் ஏறி ஊர் ஊராகக் குழம்பில் கரைவான். அவள் எழுந்து, யாருடையதோ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கடல் பக்கக் கரைக்குப் போய் வெட்ட ஆரம்பித்தாள். கத்தினார்கள், அவளுக்குக் கேட்கவில்லை. ஓடி வந்து அடித்தார்கள், மண்டை உடைந்தது, இடது கை ஒடிந்தது, அவள் வலது கையால் வெட்டினாள். கரை உடைந்து கடல் உள்ளே வந்தது. நூறு வீட்டுச் சோறு அது, அவளுக்குத் தெரியாமல் இல்லை. அடித்த கைகளும் பசித்த கைகள்தான். கடல் ஒவ்வொரு பாத்தியாக ஏறி, வெள்ளையை எல்லாம் கரைத்து எடுத்துக்கொண்டு, பொழுது சாயும்போது திரும்பிப் போயிற்று.

அதற்குப் பிறகு உவர்க்குடியில் அவளோடு யாரும் பேசவில்லை. அவள் கரையிலேயே ஒரு ஓலைச் சாய்ப்பில் இருந்தாள், உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினாள், பேசத்தான் ஆளில்லை. ஐப்பசி முடிகிற சமயம் கயத்தான் என்கிற மீன்பிடிக்காரன் ஒருவன் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு அவளைத் தேடி வந்தான். தென்கடலில் வலை போட்டிருந்தபோது தண்ணீர் மேல் ஒரு வெளிச்சம் நேராக வந்ததாம், படகை உரசுகிற மாதிரி கடந்ததாம், கிட்டே வரும்போது நீலமாக இருந்தது தாண்டிப் போகப் போகச் சிவந்ததாம், அதற்குள் ஒரு ஆள் இருந்தானாம்.

"உவர்க்குடிப் பக்கமான்னு கேட்டான்மா" என்றான் கயத்தான், அவள் முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்தி. "எங்க அக்காட்ட சொல்லிருங்க, நான் போகல, நிக்க முடியலன்னு சொன்னான். அவ்வளவுதான் கேட்டுச்சு. அதுக்குள்ள ரொம்பத் தூரம் போயிட்டான்."

லிங்கக்கனி அவனை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். எந்தத் திசை என்று கேட்டாள், அவன் கையை நீட்டிக் காட்டினான். புருஷன் செத்த அன்றைக்கும், மண்டை உடைந்த அன்றைக்கும் அழாத அவள், அந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்து, தனக்கே கேட்காத குரலில், வாய்விட்டு அழுதாள்.